தட்டில் வைத்த சூடம்

எனக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. கீரனூரில் பஸ் ஏறினால், பக்கத்து சீட்டில் இருப்பவர் உண்மையிலேயே தூங்குகிறாரா, இல்லை இடம் விடாமலிருக்க நடிக்கிறாரா என்று பார்ப்பேன். வகுப்பில் ஒரு பிள்ளை வயிறு வலிக்கிறது என்றால் முதலில் வீட்டுப்பாட நோட்டைத்தான் கேட்பேன். மூன்றாம் வகுப்புக்கு அறிவியல் நடத்த இந்தக் குணம் வசதி என்று வேறு பெருமைப்பட்டுக்கொள்வேன். எதையும் நம்பாதே, செய்து பார் என்றுதானே அறிவியலும் சொல்கிறது.

வல்லத்திராக்கோட்டைக்கு அங்கிட்டு ஒரு சின்னப் பள்ளிக்கூடம். அந்த வருடம் பருப்பொருள் பாடத்தைப் புத்தகத்தைத் திறக்காமலே நடத்தினேன். பள்ளியில் ஃபிரிட்ஜ் இல்லை, அதனால் மீன்காரரிடம் ஐஸ் கட்டி வாங்கி டம்ளரில் போட்டோம். உருகியதும் ஒருத்தி மோந்து பார்த்துவிட்டு, "டீச்சர், தண்ணியும் மீனு நாறுது" என்றாள். உப்பைத் தண்ணீரில் போட்டுக் கலக்கி எங்கே என்று கேட்டேன். "ஒளிஞ்சிருக்கு" என்றார்கள். நக்கிப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். காலி பாட்டிலின் வாயில் பலூனை மாட்டி வெந்நீரில் வைத்தோம், பலூன் மெல்ல எழுந்து நின்றது. பொருள் காணாமல் போகாது, இங்கே இல்லையென்றால் வேறெங்கோ இருக்கும் என்று போர்டில் எழுதி, எல்லோரையும் உரக்கச் சொல்லவைத்தேன்.

கடைசிச் செயல்பாடு சூடம். திண்மம் திரவமாகாமலே வாயுவாகிவிடும் என்று காட்ட வேண்டும். ஆசிரியர் பயிற்சியில் சூடத்தை அடுப்பில் வைத்துச் சூடாக்கித்தான் காட்டினார்கள். என் சொந்த அனுபவம் என்று ஒன்றும் கிடையாது. எங்கள் வீடு ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடு, மெழுகுவர்த்தி உண்டு, சாம்பிராணி உண்டு, சூடம் வாங்கியதே இல்லை. முதன்முதலாகக் கடையில் கேட்டு வாங்கி, பத்து வில்லையைப் பிரித்து ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்தேன். அதற்குள் காலாண்டுப் பரீட்சை வந்துவிட்டது. தட்டை வகுப்பறை அலமாரித் தட்டிலேயே வைத்துவிட்டு லீவுக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது தட்டு காலி. ஒரு துணுக்குகூட இல்லை.

யார் எடுத்தது என்று பிள்ளைகளைக் கேட்டேன். என் குரலைக் கேட்டதும் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆனால் அவர்கள் லீவில் இருந்தவர்கள். அந்த நாட்களில் அறையைத் திறந்தவர் ஒருவர்தான், கூட்டிப் பெருக்க வரும் அக்கா. சாவி அவரிடம் இருந்தது. வீட்டில் வெள்ளிக்கிழமை தவறாமல் சாமி கும்பிடுகிறவர். என் கணக்கு உடனே நேராகிவிட்டது.

"அக்கா, இங்கிட்டு தட்டுல சூடம் வச்சிருந்தேனே, பாத்தீங்களா?"

"காத்துல போயிருக்கும் டீச்சர்," என்றார் விளக்குமாற்றை நிறுத்தாமல்.

எனக்குச் சுருக்கென்றது. பத்து வில்லை காற்றில் பறக்குமா? என்னிடமே கதை விடுகிறாரே என்று கோபம் வந்தது. அன்றிலிருந்து அவர் குனிந்தால் பார்த்தேன், நிமிர்ந்தால் பார்த்தேன். சாக்பீஸ் பெட்டி குறைந்த மாதிரித் தெரிந்தது. சோப்பு சீக்கிரம் தேய்வதாகத் தெரிந்தது. அவர் கண்ணை நேராகப் பார்த்துப் பேசினால், எப்படித் துணிச்சலாகப் பார்க்கிறார் என்று தோன்றியது. பார்க்காமல் போனால், அதுதானே என்று தோன்றியது. ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு தலைமையாசிரியரிடம், "கை சுத்தமில்லைன்னு நெனைக்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டேன்.

அக்கா அரசாங்க ஆர்டர் வாங்கி வந்தவர் இல்லை, தலைமையாசிரியர் வாய்ச் சொல்லில் வைத்த ஆள். மறுநாளிலிருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார். போன வேலையைவிடப் போன பெயர் பெரிது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. கல்யாண வீடுகளில் பாத்திரம் கழுவக் கூப்பிடுகிறவர்கள், அக்காவைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். சத்துணவு சமைக்கும் அம்மா இதைச் சொன்னபோது, நெருப்பில்லாமலா புகையும் என்ற தோரணையில் கேட்டுக்கொண்டேன்.

பாடத்தை முடிக்க வேண்டுமே. புதிதாகப் பத்து வில்லை வாங்கினேன். இந்தத் தடவை தட்டோடு வகுப்பறை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அந்த வாரம் முழுக்கக் கூட்டங்களும் பதிவேடுகளுமாகப் போயிற்று. அடுத்த வாரம் பீரோவைத் திறந்ததும் சூட வாசனை மூஞ்சியில் அடித்தது. எண்ணிப் பார்த்தேன். பத்தும் இருந்தன. பத்தும் சிறுத்திருந்தன. ஓரமெல்லாம் மழுங்கி, ஒவ்வொன்றும் பாதிகூட இல்லை.

பூட்டைப் பார்த்தேன். சாவியைப் பார்த்தேன். அப்போதும் என் புத்தி கள்ளச்சாவிப் பக்கம்தான் ஓடியது. ஆனால் எந்தத் திருடன் பத்தையும் ஒரே அளவாகச் சுரண்டிவிட்டுப் போவான்? முன்பெஞ்சுப் பிள்ளை ஒருத்தி எட்டிப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னாள்: "மூடி வைக்கணும் டீச்சர். எங்க வீட்டுல டப்பாவுல மெளகு போட்டு இறுக்கி மூடிருவாங்க. இல்லாட்டி காத்துல போயிரும்."

"ஏன்டி அன்னைக்கே சொல்லலை?"

"நீங்க யாரு எடுத்ததுன்னுதானே டீச்சர் கேட்டீங்க."

இது வேறு யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டேன். வகுப்பில் பாதிக் கைகள் எழுந்தன. பிள்ளைகளுக்கே தெரிந்திருக்கிறது. அக்கா அன்று சொன்னது கதையில்லை, என் பாடத்தின் விடை. எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. அன்று அந்தப் பாடத்தை நடத்தவில்லை.

தலைமையாசிரியரிடம் போய், தப்பு என்னுடையது என்றேன். சாயங்காலம் அக்கா வீட்டுக்கும் போனேன். வாசலில் ஆடு கட்டிக்கொண்டிருந்தார். தெருவில் நாலு பேர் காதில் விழும்படியே, "நீங்க எடுக்கலைக்கா, நான்தான் தெரியாமப் பேசிட்டேன், மன்னிச்சிருங்க" என்றேன். அவர் கோபப்படவில்லை. "சரிங்க டீச்சர், நாளைக்கு வாரேன்," என்று மட்டும் சொன்னார். அவ்வளவு சுலபமா என்று மனம் லேசாகிவிட்டது.

மறுநாள் வந்தார். மூன்று அறைகளையும் கூட்டினார், தண்ணீர் தெளித்தார். வேலை முடிந்ததும் நேராக என் மேசைக்கு வந்து, நான் ஒன்றும் கேட்காமலே, தன் துணிப்பையை என் முன்னால் கவிழ்த்தார். ஒரு தூக்குவாளி, ஒரு வெற்றிலைச் சுருள், மாத்திரை அட்டை. பையை உதறியும் காட்டினார்.

"ஐயோ, என்னக்கா இது, வேணாங்க," என்றேன்.

"பாத்துக்கங்க டீச்சர். ஒங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

அதற்குப் பிறகு ஒருநாள்கூட அவர் அதை விடவில்லை. தினமும் நான் வேண்டாம் என்று சொல்கிறேன். சொல்லிக்கொண்டே, பைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தும் விடுகிறேன்.