கல்யாணச் செயினும் காலேஜ் ஃபீஸும்

அக்கா அரசுப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. படித்தபோது எங்கள் வீட்டில் கட்டணம் என்ற பேச்சே எழுந்ததில்லை. பஸ் பாஸ் எடுப்பதுபோல அப்பா அதையும் கட்டிவிட்டு வந்துவிடுவார். சில வருஷம் கழித்து, தொண்ணூறுகளின் நடுவில், அதே பல்கலைக்கழகத்தில் எனக்கு எம்.சி.ஏ. இடம் கிடைத்தது. புதுப் படிப்பு, சுயநிதிப் பிரிவு என்றார்கள். சுயநிதி என்றால் நம் நிதி என்று அப்பாவுக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

"கவர்மெண்ட் காலேஜ்னா கவர்மெண்ட்தானே கட்டணும்? நம்மளைக் கட்டச் சொன்னா அதுக்குப் பேர் என்ன?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். மாடவீதிக் காய்கறிக்காரரைக்கூட விடவில்லை. அவரும் பாவம், "அதானே சார்" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காயை நிறுத்தார்.

அப்பா ஒரு தனியார் கம்பெனியில் கணக்கர். அக்கா கல்யாணத்தோடு கையிருப்பு காலி. மிச்சம் இருந்தது, எனக்காக அம்மா மாசாமாசம் தி.நகர் நகைக்கடையில் கட்டிய சீட்டு ஒன்றுதான். அதைத் தொடக்கூடாது என்பது அப்பாவின் கட்சி.

"அது அவ கல்யாணத்துக்கு. படிச்சே ஆகணும்னா கரஸ்பாண்டன்ஸ்ல ஏதாவது படிக்கட்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணம் எப்போது, யாரோடு என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஃபீஸ் கட்டக் கடைசி நாள் மட்டும் எல்லோருக்கும் நன்றாகத் தெரியும். அன்றைக்குள் கட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். இதைத்தான் சொன்னேன், கொஞ்சம் சத்தமாக. அன்றிலிருந்து அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

கடைசி நாளுக்கு முதல் நாள் காலை, அப்பா ஆபீசுக்குப் போனதும் அம்மா நல்ல புடவையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "கிளம்பு" என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. லஸ் ஸ்டாப்பில் தி.நகர் பஸ் ஏறினோம்.

நகைக்கடையில் அம்மா சீட்டு அட்டையை நீட்டிப் பணமாகக் கேட்டாள். கவுண்டரில் இருந்தவர் சிரித்துவிட்டார்.

"பணமாத் தர மாட்டோம்மா. நகையாத்தான் எடுக்கணும். சேரும்போதே சொல்லியிருப்பாங்களே."

சொல்லித்தான் இருந்தார்கள். ஆனால் பெண்ணின் கல்யாணத்துக்குச் சேர்க்கிற சீட்டைப் பணமாகக் கேட்கும் நாள் வரும் என்று எந்த அம்மா நினைப்பாள்? அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சரி, செயின் காட்டுங்கோ. செய்கூலி, சேதாரம் எதுல கம்மியோ அது."

அப்போதுதான் அவள் திட்டம் புரிந்தது. இங்கே வாங்கி வேறு கடையில் விற்றுவிடுவது. வேலைப்பாடு கூடினால் கூலியும் சேதாரமும் கூடும், விற்கும்போது அது திரும்பி வராது.

"கல்யாணப் பொண்ணுக்காம்மா? அப்ப மாங்கா டிசைன் பாருங்க. இது ரொம்ப மொட்டையா இருக்கும்" என்றார் விற்பனையாளர்.

"மொட்டையாவே இருக்கட்டும்."

பில், குங்குமம், ஒரு சின்ன பர்ஸ் எல்லாம் கொடுத்தார்கள். நான் செயினைப் பர்ஸோடு பைக்குள் போடப் போனேன். அம்மா தடுத்தாள்.

"புது நகையைப் பொண்ணு கழுத்துல போடாம எங்கேயும் கொண்டு போகப்படாது."

கடை வாசலிலேயே எனக்குக் குங்குமம் இட்டுச் செயினை மாட்டிவிட்டாள். சாயம் போன சுடிதாருக்கு மேல் புத்தம்புதுத் தங்கம். அப்படியே பாண்டி பஜாரில் நடந்தோம். பிளாட்பாரக் கடைக்காரர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள். அம்மா எதையும் பார்க்கவில்லை, என்னையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "நன்னா இருக்குடி" என்றாள். அந்தத் தெரு இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கக்கூடாதா என்று எனக்குத் தோன்றியது. ஃபீஸையும் கட்டிவிட வேண்டும் என்றும் தோன்றியது.

பழைய நகை வாங்கும் சின்னக் கடை ஒன்றில் நுழைந்தோம். பெஞ்சில் மீன்காரம்மா ஒருவர், கழற்றிய கம்மலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் எங்கள் பில்லைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னிக்கு வாங்கின நகையாச்சே. என்னம்மா குறை இதுல?"

"குறை ஒண்ணுமில்லை. பொண்ணுக்கு ஃபீஸ் கட்டணும்."

பெஞ்சில் இருந்தவர் வாய்விட்டுச் சிரித்தார். "இன்னாம்மா நீ, காலைல வாங்கிக்கினு மத்தியானம் விக்கிற? நானாச்சும் இத்த இத்தினி வருசம் காதுல மாட்டிக்கினு இருந்தேன். எனக்கும் இதே கததான், பையனுக்குக் காலேஜு. வேலைக்குப் போயி புச்சா கம்மல் வாங்கித் தரேன்றான். தருவான்றே?"

"தராம எங்கே போயிடுவான்? நாம விட்டுடுவோமா?" என்றாள் அம்மா.

இருவரும் சிரித்த சிரிப்பில் கடைக்காரர் தராசை வைத்துவிட்டுக் காத்திருந்தார். அம்மா அப்படிச் சிரித்து வெகுநாளாகியிருந்தது. சிரித்துக்கொண்டே என் பின்னால் வந்து செயினின் கொக்கியைக் கழற்றினாள். கழிவு போக வந்த பணம் ஃபீஸுக்குப் போதுமானதாக இருந்தது.

சாயங்காலம் அப்பா வந்ததும், காப்பியை வைத்துவிட்டு, வாங்கியதையும் விற்றதையும் அம்மா ஒன்று விடாமல் சொன்னாள். நான் சமையலறை வாசலில் சண்டைக்குத் தயாராக நின்றேன். அப்பா காப்பியைத் தொடவில்லை.

"அவ கழுத்துல போட்டுப் பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்தது?"

"நன்னா இருந்தது" என்றாள் அம்மா. அப்பா என்னை நேராகப் பார்த்தார்.

"நாளைக்கு யுனிவர்சிட்டியில ஃபீஸ் கவுண்டர் எத்தனை மணிக்குத் திறப்பா?" என்றார். "நான் லீவு போட்டுட்டு வரேன். அவ்வளவு பணத்தை வச்சிண்டு நீ தனியா பஸ்ல போகாதே."