வெயிலில் காயவைத்த டிஸ்கோ

வெயிலில் நாலு மணி நேரம் கிடந்த பேட்டரிக் கட்டையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? அப்போதுதான் வேகவைத்து எடுத்த உருளைக்கிழங்கு மாதிரி ஒரு கனமான சூடு, அதோடு துருவும் புளிப்புமாக ஒரு வாசனை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஓசூரில் நாங்கள் இருந்த தொழிலாளர் குடியிருப்பின் மொட்டைமாடிச் சுவரில், அம்மா காயப்போட்ட மிளகாய்க்குப் பக்கத்தில், அப்படி நான்கு கட்டைகளை வரிசையாகப் படுக்கவைத்துக் காவல் காப்பதுதான் பதின்மூன்று வயதில் எனக்கு வாய்த்த பெரிய உத்தியோகம். காய்ந்தால் உயிர் வரும் என்று நம்பினோம். கொஞ்சம் வரவும் செய்யும். அந்தக் கொஞ்ச உயிரை நம்பித்தான் ஆறு பெண்கள் டிஸ்கோ ஆடக் கிளம்பினோம்.

ஒரு மணி நேர பஸ் தூரத்தில் பெங்களூர் இருந்ததால், சென்னைக்காரர்களுக்கு முன்னாலேயே எங்களுக்கு டிஸ்கோ வந்து சேர்ந்துவிட்டது என்று இன்றைக்கும் நான் பீற்றிக்கொள்வதுண்டு. ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் போய்வரும் அண்ணன்மார்கள் நடைபாதைக் கடைகளிலிருந்து கேசட் வாங்கி வருவார்கள். அட்டையில் மின்னல் வெட்டுகிற எழுத்தில் 'நான்-ஸ்டாப் டிஸ்கோ', 'கிளப் ரீமிக்ஸ்' என்று போட்டிருக்கும். இங்கிலீஷோ இந்தியோ, என்ன பாடுகிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டில் கன்னடமும் எதிர்வீட்டில் தெலுங்கும் கேட்டு வளர்ந்த எங்களுக்குப் புரியாத பாஷை ஒரு குறையாகவே படவில்லை. 'டிஷ்க்கு டும், டிஷ்க்கு டும்' என்று அந்த மேளம் விழுந்தால் போதும், காலைச் சும்மா வைத்திருக்க முடியாது. லேத்து மெஷினில் வேலை பார்த்த என் அப்பாதான் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கிளப்புல சீட்டாடுவாங்க, கேரம் ஆடுவாங்க, டான்ஸு எவன் ஆடுவான்?" என்று கேட்பார். அவருக்குத் தெரிந்த கிளப் ஃபேக்டரி கேன்டீனுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகை மட்டுமே.

என் உயிர்த்தோழி ஷமீமின் அத்தா, அன்வர் பாய், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கேசட் கடை வைத்திருந்தார். பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் காலி கேசட்டில் பதிவு செய்து தருவார். அதற்கென்றே இரண்டு கேசட்டை ஒன்றாகப் போடக்கூடிய பெரிய டெக் ஒன்று கடையில் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் ஷமீம் நேரே அங்கேதான் போவாள். கேசட்டுக்குத் தூசி தட்டலாம், பட்டியலைப் படித்துச் சொல்லலாம், டெக்கை மட்டும் தொடக்கூடாது என்பது அத்தாவின் சட்டம். அவளோ அந்த டெக்கின் முன் உட்காரவே பிறந்தவள். காதில் விழுந்த தாளத்தை விரலால் மேசையில் அப்படியே திருப்பிப் போடுவாள். பாட்டு எங்கே தொய்கிறது, எங்கே ஏறுகிறது என்று எங்களுக்கு வகுப்பெடுப்பாள். பத்தாவது முடிந்ததும் கடையில் பதிவு வேலையைத் தானே பார்க்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. அத்தாவோ அந்த வேலைக்குக் கிருஷ்ணகிரியிலிருந்து ஓர் ஆளைக் கொண்டுவரப் பேசிக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் ஃபேக்டரி ஆயுத பூஜைக்குக் குடியிருப்புப் பெண்கள் ஆறு பேர் ஒரு நடனம் ஆடுவது என்று முடிவானது. வழக்கமான கோலாட்டம் வேண்டாம், ரீமிக்ஸ்தான் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். "ஆடறதுதான் ஆடறீங்க, முழங்கால் தெரியாம ஆடுங்கடி" என்றதோடு அம்மாவின் நிபந்தனை முடிந்தது. நான்கு பாட்டை வெட்டி ஒன்றாக ஒட்டித் தரச் சொல்லி அன்வர் பாயிடம் போனபோது, ஷமீம் குறுக்கே புகுந்து, "அத்தா, இத நான் பண்றன்" என்றாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"சரி, பண்ணு. ஆனா அத்தன பேருக்கு முன்னால ஓடப்போற டேப்பு. ஒரு எடத்துல தாளம் பிசகுச்சுனாலும் அத்தோட இந்த ஆசைய விட்டுரணும். பிசகலன்னா லீவுல டெக்குல நீ உக்காரு."

மூன்று நாள் சாயங்காலம் உட்கார்ந்தாள். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் நொடியில் செய்கிற காரியத்தை அவள் 'பாஸ்' பட்டனை வைத்துக்கொண்டு செய்தாள். ஒரு பாட்டில் பாடுகிறவர் ஓய்ந்து மேளம் மட்டும் தனியாக வரும் இடத்தில் நான்காவது அடி விழுந்ததும் நிறுத்த வேண்டும். அடுத்த கேசட்டைப் பென்சிலால் சுற்றிச் சுற்றி முதல் அடியின் வாசலில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு, பாடுகிற கேசட்டு, பதிகிற கேசட்டு இரண்டின் பட்டனையும் ஒரே சமயத்தில் விட வேண்டும். ஒரு மயிரிழை பிசகினாலும் பாட்டு நொண்டும். நொண்டினால் முதலிலிருந்து. நானும் ஒருநாள் கூட இருந்தேன். பேசினால் அடிக்கவே வந்துவிட்டாள்.

கேசட் கைக்கு வந்தது. நாங்கள் ஒத்திகை தொடங்கினோம். வீட்டுக்குள் ஆடினால் கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் மேலே இடிப்பார் என்பதால் கீழே, குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த காலியிடம்தான் எங்கள் அரங்கம். அங்கே பிளக் ஏது? அப்பாவின் சின்ன டேப் ரெக்கார்டரும் அந்த நான்கு கட்டைகளும்தான். காலையில் காயவைப்பது, சாயங்காலம் போட்டு ஆடுவது என்று ஒரு மாதம் ஓடியது. நாளாக ஆகக் கட்டைகள் சாகச் சாக, பாட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளாடியது. பாடகியின் குரல் ஜலதோஷம் பிடித்த ஆம்பளைக் குரலாக இறங்கியது. ஒரே நாளில் இறங்கியிருந்தால் சந்தேகம் வந்திருக்கும். தினம் ஒரு பிடி இறங்கியதில், ரீமிக்ஸ் என்றால் இப்படித்தான் கனமாக இருக்கும் போலிருக்கிறது என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். ஷமீமுக்கு ஒத்திகைக்கு வர அனுமதி இல்லை. பள்ளிக்கூடத்தில் அவளிடம், "கொரல நல்லா கனமாக்கி வெச்சிருக்கடி" என்று பாராட்டினேன். "நான் எங்கடி கனமாக்கினன்?" என்றாள். அடக்கத்தில் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். என்ன புத்தியோ!

ஆயுத பூஜை அன்று மெஷின்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்து, மத்தியானம் கேன்டீன் கொட்டகையில் கலை நிகழ்ச்சி. வருஷா வருஷம் ஸ்பீக்கரும் டெக்கும் கொண்டுவந்து பாட்டுப் போடுகிறவர் அன்வர் பாய்தான். ஷமீம் பெண்கள் பக்கம் என் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். பலகைகளை அடுக்கிக் கட்டிய மேடையில் ஆறு பேரும் ஜரிகைத் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றோம். பாய் பட்டனை அழுத்தினார்.

அம்மாடி! பாட்டா அது, பறக்கும் பஸ்! நாங்கள் வலது கையைத் தூக்குவதற்குள் இடது கைக்கு உண்டான மேளம் விழுந்துவிட்டது. சுற்ற வேண்டிய இடத்தில் குனிந்தோம், குனிய வேண்டிய இடத்தில் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டோம். மூலையில் நின்ற, பேரிகை ஊரிலிருந்து வந்த மஞ்சுளா பலகையை விட்டே இறங்கிவிட்டாள். கொட்டகை குலுங்கச் சிரித்தது. அந்தக் கூச்சத்தில், அந்தக் குழப்பத்தில், ஆறு பேரில் ஒருத்தி, "டேப்பு கோளாறு! வேகமா ஓடுது!" என்று கத்தினாள்.

அவ்வளவுதான். பார்க்க வந்தவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன். கோளாறு என்ற வார்த்தையைக் கேட்டால் சும்மா இருப்பார்களா? ஆளாளுக்கு எழுந்துவிட்டார்கள். "பெல்ட்டு இறுக்கமா கீதுபா" என்றார் ஒருவர். "ஹெட்டு அழுக்கு" என்றார் இன்னொருவர். "ஒட்டுப்போட்ட டேப்பு, வேற எப்புடி ஓடும்? ரெக்கார்டிங்கே தப்பு" என்று மூன்றாமவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். அன்வர் பாய் பாட்டை நிறுத்தினார். டெக்கின் மூடியைத் திறந்து கேசட்டை வெளியே எடுத்தார். ஷமீமைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். அவள் தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

அப்போதுதான் எங்கள் வீட்டு மாடிச் சுவர் என் கண்முன் வந்தது. சும்மா இருந்துவிடலாம், டேப்பின் மேல் பழி விழுந்தால் எங்கள் மானம் தப்பிக்கும். ஆனால் அவளுடைய லீவு போய்விடும், டெக் போய்விடும். எப்படிப் போனேன் என்று தெரியாது, போய் மைக்கைப் பிடித்துவிட்டேன்.

"டேப்பு நல்லாத்தாங்க இருக்குது. நாங்கதான் செத்துப்போன பேட்டரியக் காயவெச்சு ஒரு மாசமா பழகிட்டம். அதுல மெதுவாத்தாங்க ஓடுச்சு."

அதற்கு விழுந்த சிரிப்பில் தகரக் கூரையே அதிர்ந்தது. என் அப்பா முகத்தைப் பொரிப் பொட்டலத்தால் மறைத்துக்கொண்டார். கூட்டத்தில் இருந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் எழுந்து, "பாப்பா சொல்றது கரெக்ட்டு. ஸ்பீடு சரியா இருக்குது, புள்ளைங்கதான் ஸ்லோ" என்று சான்றிதழ் கொடுத்தார். பின்வரிசையிலிருந்து ஒரு கன்னடக் குரல், "இன்னொந்து சல ஹாக்ரீ!" என்றது, இன்னொரு தடவை போடுங்கள் என்று அதற்குள் பத்துப் பேர் தமிழிலும் தெலுங்கிலும் கூவினார்கள்.

பாய் கேசட்டை மறுபடி போட்டார். பழகிய அசைவெல்லாம் மறந்தாயிற்று, இஷ்டத்துக்குக் குதித்தோம். இரண்டாவது பாட்டில் ஃபிட்டர்கள் குதித்தார்கள், மூன்றாவதில் கேன்டீன் சமையல்காரர் கரண்டியோடு வந்துவிட்டார். நான் ஆடிக்கொண்டே அன்வர் பாயை மட்டும் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு விரலால் மேசையில் தட்டிக்கொண்டிருந்தார். முதல் ஒட்டு வந்தது, விரல் நிற்கவில்லை. இரண்டாவது வந்தது, நிற்கவில்லை. மூன்றாவது எங்கே வந்து போனது என்று அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். பாட்டு முடிந்த பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்.

லீவு விட்டதும் கடைக்குப் போனேன். வாசலில் நிற்கிறவர்கள் கண்ணில் படாதபடி டெக் கடைக்குள் தள்ளிப் போடப்பட்டிருந்தது. அதன் முன் ஷமீம், காதில் பெரிய ஹெட்ஃபோனோடு, என்னை ஏறெடுத்தும் பார்க்காமல் கையைக் காட்டி உட்காரச் சொன்னாள். வேலை முடிந்ததும் ஆயுத பூஜைக் கேசட்டை எடுத்து என் கையில் கொடுத்து, "வெச்சுக்கடி" என்றாள். கிருஷ்ணகிரி ஆள் கடைசிவரை வரவேயில்லை.

இப்போது அந்தக் கடை இருந்த வரிசை முழுக்க செல்ஃபோன் உறை விற்கிறார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கார்கள் நிற்கின்றன. கேசட்டைச் சுற்றத்தான் பென்சில் என்று சொன்னால் என் மகள் நம்புவதில்லை. போன வாரம் அவள் ஏதோ ஒரு ரீமிக்ஸுக்குக் கூடத்தில் ஆடிப் பழகிக்கொண்டிருந்தாள். ஃபோனில் ஒரு பட்டனைத் தட்டி வேகத்தைக் குறைத்து, "மொதல்ல மெதுவா பழகணும்மா, அப்பறம் நார்மல்" என்று எனக்கே பாடம் சொன்னாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உடனே பெங்களூரிலிருக்கும் ஷமீமைக் கூப்பிட்டேன். சிரிப்போடு சிரிப்பாக, முப்பது வருஷமாக என் அம்மாவிடம்கூடச் சொல்லாத ஒன்றும் வாயில் வந்துவிட்டது.

"ஷமீம், அன்னிக்கு மேடைல டேப்பு கோளாறுன்னு மொதல்ல கத்துனது நான்தான்டி."

"தெரியும்" என்றாள்.

"தெரியுமா? எப்பலேர்ந்து?"

"அப்பவே தெரியும். ஆறு பேர்ல உன் கொரல் எனக்குத் தெரியாதா?"

தெரிந்தா அந்தக் கேசட்டை எனக்குக் கொடுத்தாய் என்று கேட்க வாயெடுத்தேன். அவள் அதற்குள், உன் மகள் எந்தப் பாட்டுக்கு ஆடுகிறாள், ஃபோனை அவள் பக்கத்தில் கொண்டுபோ, தாளம் சரியாக விழுகிறதா என்று கேட்கிறேன் என்று அவசரப்படுத்தத் தொடங்கிவிட்டாள்.