கடுகுத் திருக்கை

வலை பொத்தத் தெரிந்தவனுக்குத் தலையணை தைப்பது ஒரு வேலையே இல்லை என்று நம்பியிருந்தேன். முப்பது வருடமாகக் கிழிந்த வலைகளோடு மாரடித்தவன் நான். சுறா கிழித்த ஓட்டைக்குள்ளால் ஆளே நுழையலாம். அதையே அடைத்தவனுக்கு ஒரு முழத் துணியைச் சுற்றி மூடத் தெரியாதா என்ன? இந்த நம்பிக்கையைப் பிள்ளைகளிடம் வாய்விட்டும் சொல்லிவிட்டேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு மனைவி வருவதாக இருந்தது. மூன்றாவது பிள்ளை பிறந்து, அரிப்பு என்ற ஊரில் தாய்வீட்டில் முப்பத்தொரு நாள் இருந்துவிட்டு, குழந்தையோடு எங்கள் ஊர் தாழ்வுபாட்டுக்குத் திரும்புகிறாள். எனக்கு நாற்பத்தாறு வயது. இதைப்பற்றிக் கடற்கரையில் உலாவிய பகிடிகளில் பாதி நானே கிளப்பிவிட்டவை. மற்றவன் சொல்லமுதல் நாமே சொல்லிவிட்டால் கொஞ்சம் குறைவாகச் சுடும்.

அந்த ஒரு மாதமும் இரண்டு பெண்பிள்ளைகளும் என் பொறுப்பு. இரவில் என் தங்கச்சி வந்து அவர்களோடு படுப்பாள். நான் கடலால் வந்த கையோடு அவள் போய்விடுவாள். பிறகு சோறு, உடுப்பு, தலைபின்னல் எல்லாம் நான்தான். நான் பின்னிய பின்னல் பள்ளிக்கூட வாசலைக் கண்டதும் அவிழ்ந்துவிடும். அரை மணித்தியாலம் ஒருவரும் ‘அப்பா’ என்று கூப்பிடாமல் இருந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்ற நிலைக்கு வந்திருந்தேன்.

சின்னவளுக்கு ஆறு வயது. மாதம் முழுக்க அவளுக்கு ஒரே கேள்வி: “பபா வந்தா அம்மா என்னைப் பாப்பாவோ?” பார்ப்பா, பார்ப்பா என்று சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பபாவுக்குத் தன் கையால் ஒரு சாமான் கொடுப்பது. அப்படிக் கொடுத்தால் அம்மா தன்னை மறக்கமாட்டாளாம். என்ன கொடுப்பது என்று பதினொரு வயதுப் பெரியவள்தான் சொன்னாள்.

“எங்கட ரெண்டு பேரின்ர தலையும் கடுகுத் தலையணையிலதான் வடிவா உருண்டதாம். அதையே தைப்பம்.”

“மீன் மாதிரி வெட்டுவம்,” என்றேன்.

“மீன் எல்லாரும் செய்வினம். எனக்குத் திருக்கை வேணும்,” என்றாள் சின்னவள்.

“திருக்கைக்கு வாலில நச்சு முள்ளெல்லோ பிள்ளை.”

“நாங்கள் முள்ளு வைக்கமாட்டம்.”

காலையிலேயே தொடங்கினோம். பேப்பரில் திருக்கையை வரைந்து, அதைவைத்து நான் உடுத்திக் கழித்த பழைய சாரத்தில் இரண்டு துண்டு வெட்டினோம். நல்ல பக்கம் உள்ளே வரும்படி இரண்டையும் சேர்த்து, ஓரத்தைச் சுற்றி நான் தைத்தேன். கைப்பிடி அளவு வாய் ஒன்று விட்டு, அதற்குள்ளால் உள்வெளியாகப் புரட்டினோம். வால் மட்டும் புரள மறுத்தது. அகப்பைக் காம்பால் குத்தி வெளியே எடுத்தோம். பிறகு பேப்பரைச் சுருட்டிப் புனல்போல வைத்து ஒரு கிலோ கடுகை உள்ளே கொட்டினோம். நான் வெற்றிவீரனாகத் திருக்கையைத் தூக்கிக் காட்டினேன். நாலு பக்கத்தாலும் கடுகு கொட்டியது.

“அப்பா, திருக்கை ஒண்டுக்கு இருக்குது,” என்றாள் சின்னவள்.

பெரியவள் குனிந்து என் தையலைப் பார்த்தாள். ஒரு குத்துக்கும் அடுத்த குத்துக்கும் இடையில் ஒரு விரல் நுழையும்.

“நீங்கள் வலை பொத்தியிருக்கிறியள் அப்பா. தண்ணி போறதுக்குக் கண் விட்டிருக்கிறியள்.”

கைக்கு முப்பது வருடமாகக் கண் விட்டுத்தான் பழக்கம். ஊசியைப் பெரியவள் வாங்கிக்கொண்டாள். நான் நிலத்தில் கடுகு பொறுக்கும் பதவிக்கு இறக்கப்பட்டேன். எறும்பு மாதிரிப் பொடிப்பொடியாகத் தைத்து, கடுகை நிரப்பி, வாயையும் மூடி அவள் எழும்பும்போது ஒரு மணி. திருக்கை கொழுத்து அழகாக இருந்தது. சின்னவள் அதை மடியில் வைத்துத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் பாயில் கொஞ்சம் கண்ணயர்ந்து, எழும்பி, நூலையும் கத்தரிக்கோலையும் பெட்டியில் அடுக்கினேன். வீட்டில் இருந்த ஒரே தையல் ஊசியைக் காணவில்லை.

“ஊசி எங்க?” என்று கத்தினேன்.

“அங்கதான் வைச்சனான்,” என்றாள் பெரியவள், குசினிக் கதவடியில் நின்றபடி.

“திருக்கை விழுங்கிப்போட்டுது,” என்றாள் சின்னவள்.

பகிடிக்குத்தான் சொன்னாள். எனக்குப் பகிடியாகப் படவில்லை. நடுக்கடலில் எஞ்சின் நின்று, இந்தியக் கரை வெளிச்சம் தெரியுமட்டும் இழுபட்டபோது, பீடி பற்றவைத்துக்கொண்டு பகிடி விட்டவன் நான். இப்போது ஒரு விரல் நீள ஊசிக்காகப் பெட்டியைக் கவிழ்த்து உதறினேன். முப்பத்தொரு நாள் குழந்தை. உச்சி இன்னும் மூடவில்லை. அந்த மண்டையை நாங்கள் தைத்த இதில்தான் வைக்கப்போகிறோம்.

காணாமற்போன சாமானுக்கு எங்கள் ஊரில் அந்தோனியாரைத்தான் கேட்பது. ஒரு மெழுகுதிரி கொளுத்துகிறேன் என்றேன். தலையணையை எல்லாப் பக்கமும் அமத்திப் பார்த்தேன். எங்கே அமத்தினாலும் ஊசி குத்துவதுபோலவே இருந்தது, விரலைப் பார்த்தால் ஒன்றுமில்லை. மூன்று மெழுகுதிரி என்றேன். கடைசியாக, ஒரு கிழமை முழுக்க வாய்திறந்து ஒரு பகிடியும் விடமாட்டேன் என்று நேர்ந்தேன். அதை அவரே நம்பியிருக்கமாட்டார்.

கத்தரிக்கோலை எடுத்தேன். சின்னவள் திருக்கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

“வெட்டவேண்டாம் அப்பா. பபாவுக்குக் குடுக்க என்னட்ட வேற ஒண்டும் இல்லை.”

“ஊசி இருந்தா பபாவுக்குக் குத்தும் பிள்ளை.”

அதற்குப் பிறகு அவள் திருக்கையைப் பிடித்துவைக்கவில்லை. கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். நான் திருக்கையின் வயிற்றை நீளத்துக்கு வெட்டினேன்.

முதலில் மா அரிக்கும் அரிதட்டில் போட்டேன். அந்தக் கண்ணுக்குள்ளால் கடுகே இறங்கவில்லை. பிறகு சுளகில் பிடிபிடியாகப் பரப்பி, விரலால் கோதிக் கோதிப் பார்த்தேன். ஒரு கிலோ கடுகில் இத்தனை கடுகு இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஊசி இல்லை. கடுகில் இல்லையென்றால் நிலத்தில் இருக்கவேண்டும், குழந்தையைக் கிடத்தப்போகும் அதே நிலத்தில். சுளகு கவிழ்ந்தது. கன்னத்தைச் சீமெந்தில் வைத்து, ஒரு கண்ணை மூடி, தவழ்ந்து தவழ்ந்து தேடினேன். முதுகு விட்டுப்போயிற்று. அப்படியே படுத்துவிடலாமா என்றுகூட ஒருமுறை நினைத்தேன்.

வாசலில் ஓட்டோ நின்றது. மனைவி குழந்தையோடு இறங்கி வந்து எட்டிப்பார்த்தாள். நிலமெல்லாம் கடுகு. வயிறு பிளந்த திருக்கை. சுவரைப் பார்த்தபடி ஒரு பிள்ளை. நாலு காலில் நான்.

“உள்ள கால் வைக்காத. ஊசியைக் காணேல்லை,” என்றேன்.

கிடந்தபடியே முழுக்கதையையும் சொன்னேன். அவள் வாசலிலேயே நின்று கேட்டாள்.

“தலையணையோ? கைக்குழந்தைக்குத் தலையணையே வைக்கக்கூடாதெண்டு கிளினிக் நேர்ஸ் மிஸ்ஸி சொன்னவா. போனில சொன்னனானெல்லே. ஓம் ஓம் எண்டு கேட்டனீங்கள்.”

அந்த மாதம் போனில் எதைச் சொன்னாலும் நான் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். பாதி நித்திரை.

அவள் அதற்கிடையில் என்னை விட்டுவிட்டுப் பெரியவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் பிள்ளை ஒரு காலில நிக்கிறாய்?”

பெரியவளுக்கு அழுகை வந்துவிட்டது. “ஊசி கீழ இல்லை அம்மா, குசினியில வைச்சனான்,” என்றாள். மனைவி படியில் உட்கார்ந்து, சின்னவளைக் கூப்பிட்டாள்.

“இஞ்ச வா. காலை நீட்டி இரு. பபாவை நீ வைச்சிரு, நான் அக்காவின்ர காலைப் பாக்கோணும். வேற ஆரை நம்பிக் குடுக்கிறது?”

சின்னவள் கடுகை மிதித்துக்கொண்டு ஓடிவந்தாள். குழந்தையை மடியில் வாங்கியபிறகு அவள் மூச்சுவிட்டதாகவே தெரியவில்லை. 

ஊசி திருக்கைக்குள் போகவே இல்லை. காலையில் பெரியவள், நான் வேண்டாமென்று சொல்லியும், செருப்பில்லாமல் கடற்கரைப் பக்கம் போய் காலில் உடைமர முள் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். நான் கண்ணயர்ந்த நேரம், முள்ளை எடுக்க ஊசியைக் குசினிக்குக் கொண்டுபோயிருக்கிறாள். முள் பாதியில் முறிந்துவிட்டது. ஊசியைச் சுவர்க் கலண்டரில் குத்திவைத்தாள். நான் கத்தியபோது ஏச்சு விழும் என்று பயந்து, அங்கேதான் வைத்ததாகச் சொல்லிவிட்டாள். நான் திருக்கையை வெட்டியபிறகு சொல்ல ஏலாமற்போய்விட்டதாம்.