சகாயமேரியின் காலி வீடுகள்

என் மனைவி சகாயமேரிக்கு ஐம்பத்தெட்டு வயது. காலி வீட்டைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. அண்ணனூர் ரயில் பணிமனையில் முப்பத்து நாலு வருஷம் ஸ்பானர் பிடித்துவிட்டு, இனி நிம்மதியாகத் தூங்கலாம் என்று ஓய்வுபெற்றவன் நான், எட்மண்ட். இந்த வயதில் திரை மாட்ட என்னை ஏணியில் ஏற்றிய புண்ணியவதி அவள்தான். நானும் முனகிக்கொண்டே ஏறிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆரம்பித்துவைத்தவர் வீட்டுத் தரகர் கஜபதி. மாதா கோயில் பீடத்துக்கு அவள் செய்திருந்த பூ அலங்காரத்தை ஒரு கல்யாணத்தில் பார்த்தவர், விலைபோகாத ஒரு காலி ஃபிளாட்டைக் கொஞ்சம் பார்க்கிற மாதிரி பண்ணித்தரச் சொன்னார். பத்தே நாளில் அது விற்றது. அன்று பிடித்த பேய் இன்னும் இறங்கவில்லை. ஐந்து வருஷத்தில் நாற்பது வீடுகளாவது பார்த்திருப்பாள். சோபா, சரவிளக்கு என்று ஆடம்பரம் எதுவும் கிடையாது. ஒட்டடை அடித்து, ஜன்னல் கம்பியைத் துடைத்து, வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு, கொடியில் ஒரு துண்டு, சுவரில் தினசரிக் காலண்டர். "காலையில யாரோ இங்கேர்ந்து ஆபீசுக்குப் போன மாரி இருக்கணும்" என்பாள். அன்றைய தேதிவரை காலண்டரைக் கிழித்துவைப்பது என் வேலை. ஆள் வரும் நேரத்துக்கு இஞ்சி டீ மணக்கவேண்டும். ஈரம் கசியும் சுவரை மட்டும் எதைக்கொண்டும் மறைக்கமாட்டாள். கஜபதி ஒருமுறை அதன்மேல் படம் மாட்டச் சொல்லி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

போன தை மாதம் முகப்பேரில் ஒரு ஃபிளாட். பதினான்கு மாதமாகப் பூட்டிக் கிடந்தது. அவள் மூன்று முறை ஒழுங்குபடுத்தியும் ஒருவரும் மசியவில்லை. இந்தத் தடவையும் போகவில்லை என்றால், கம்ப்யூட்டரிலேயே கட்டில், சோபா போட்டுக் காட்டும் ஒரு கம்பெனிக்கு எல்லா வீடுகளையும் கொடுத்துவிடப்போவதாகக் கஜபதி சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. பிள்ளைகளை வளர்த்து அனுப்பியபிறகு அவளுக்கென்று கிடைத்த வேலை அது ஒன்றுதான். அதுவும் போனால் இவள் என்ன ஆவாள் என்று எனக்குப் பயமாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, நிவேதிதா என்ற ஐ.டி. பெண்ணும் அவள் மாமியார் ஜெகதாம்பாளும் பார்க்க வருவதாக ஏற்பாடு. வழக்கமாக எங்கள் டீக்குப் பால் பவுடர்தான். அன்று டப்பா காலி. நான் கீழே போய் பாக்கெட் பால் வாங்கிவந்தேன். கையோடு கொண்டுபோகும் சின்ன அடுப்பில் சகாயமேரி பாலை வைத்துவிட்டு, கூடத்துத் திரை கோணலாக இருக்கிறது என்று என்னைத் திட்ட வந்தாள். திட்டு நீண்டது. பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்தது. ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு, துடைக்கச் சொன்னாள். துடைக்கிறேன் என்றேன். அதற்குள் கஜபதி அவர்களை அழைத்துவந்துவிட்டார்.

ஜெகதாம்பாள் நேராக அடுப்படிக்குப் போய், அங்கேயே நின்றுவிட்டார்.

"யாரு இங்க பால் காய்ச்சினது? வேற யாரும் வாங்கிட்டாங்களா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாங்கள் வீடு புகுந்தபோது பங்குச் சாமியார் வந்து மந்திரித்தார், எல்லோருக்கும் பிரியாணி போட்டோம், அவ்வளவுதான். முதல் பால் வாங்குகிறவர்கள் கையால் பொங்கவேண்டும் என்பது எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் ஏறவே இல்லை. பக்கத்து வீட்டு வாசமாக இருக்கும் என்று கஜபதி இழுத்தார். சகாயமேரி குறுக்கே வந்தாள்.

"நான்தாம்மா. டீக்கு வெச்சேன், பொங்கிடுச்சு. இந்த ஊட்ட இன்னும் யாரும் வாங்கல. முறை தெரியாம பண்ணிட்டேன், மன்னிச்சுக்கோங்க."

வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

ஜெகதாம்பாள் குனிந்து மேடையைப் பார்த்தார். நான் துடைக்காமல் விட்ட பால் அப்படியே கிடந்தது. பிறகு ஜன்னலில் விழுந்த வெயிலைப் பார்த்தார்.

"கிழக்கால வழிஞ்சிருக்கு, நல்ல சகுனந்தான்" என்றார் மருமகளிடம்.

மிச்சப் பாலில் டீ போடச் சொல்லித் தரையிலேயே உட்கார்ந்து குடித்தார். வீட்டில் என்ன குறை என்று கஜபதியைக் கேட்கவில்லை, இவளைத்தான் கேட்டார். குளியலறைக் குழாய் ஒழுகுவதையும், மழை பெய்தால் பின்பக்கச் சுவர் ஈரம் கசிவதையும் இவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். கஜபதிக்கு முகம் செத்துப்போனது.

மறுவாரமே வீட்டைப் பேசி முடித்தார்கள். அன்று மாலை கஜபதி மூன்று வீட்டுச் சாவிகளோடு எங்கள் வாசலில் நின்றார்.

"யக்கா, இனிமே எல்லா ஊட்லயும் பால கிழக்கால பொங்க வுட்ரு."

"அது தானா பொங்குச்சு. நாமளா பொங்க வுட்டா அது பொய்யி. சாவிய குட்த்துட்டு கெளம்பு" என்றாள்.

சித்திரையில் அவர்கள் பால் காய்ச்சியபோது எங்களையும் அழைத்திருந்தார்கள். ஜெகதாம்பாள் தீப்பெட்டியைச் சகாயமேரியின் கையில் கொடுத்து அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னார். பற்றவைத்தவள், பால் பொங்கும்வரை அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பொங்கி வழிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னிக்கும் தொடைக்காதீங்க" என்றாள்.