கமராவுக்குள் இருந்த வீடு

என் வாழ்நாளின் மிகப் பெரிய குற்றத்தை ஏழு வயதிலேயே செய்து முடித்துவிட்டேன். பிறகு செய்தவை எல்லாம் சில்லறை.

அப்போது நாங்கள் புத்தளத்தை அடுத்த எத்தாளைப் பக்கம் அகதிகளாக ஓலைக் கொட்டிலில் இருந்தோம். தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களைத் துரத்தியபோது மன்னாரில் விட்டுவந்த வீட்டை, பிறகு பிறந்த நான் கண்டதில்லை. சண்டை நின்று பாதை திறந்ததும் வாப்பா ஒரு நாள் பார்த்துவரக் கிளம்பினார். தம்பிக்குக் காய்ச்சல் என்பதால் உம்மாவால் போக முடியவில்லை.

"வீட்டப் படம் புடிச்சிட்டு வாங்க. அது போதும்" என்றார்.

கமரா மாமாவுடையது. அடையாள அட்டைக்குப் படம் பிடிப்பது அவர் தொழில். அதனால் உள்ளே கறுப்பு வெள்ளை பிலிம், அதிலும் பாதி ஏற்கெனவே ஊரார் முகங்கள். மீதியை எடுத்து முடித்துத் திரும்பிய வாப்பா அதிகம் கதைக்கவில்லை. "எல்லாம் படத்தில பாக்கலாம்" என்று கமராவைப் பெட்டிமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

உம்மாவுக்கு முன்பே வீட்டைப் பார்த்துவிட எனக்குக் கை துறுதுறுத்தது. கமராவின் முதுகைத் திறந்தேன். வீடு இல்லை, சாம்பல் நிற நாடாதான் இருந்தது. மூடிவிட்டேன். பிறகு மாமாவிடம் சாடையாக விசாரித்தேன்.

"வெளிச்சம் பட்டா எல்லாம் போச்சு புள்ள" என்றார்.

பிலிம் புத்தளத்தில் கழுவி வர நான்கு நாட்கள். "படம் வந்திச்சா?" என்று உம்மா கேட்கும்போதெல்லாம் நான் கொட்டிலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். மூன்று நோன்பு பிடிப்பதாக நேர்ச்சை வைத்தேன். போதாதென்று பட்டதால் ஏழாக்கினேன்.

வந்தது. முதலில் எடுத்ததால் சுருளின் உள்ளே இருந்த அடையாள அட்டை முகங்கள் தப்பியிருந்தன. வெளியே சுற்றியிருந்த எங்கள் வீடு முழுதும் கறுத்துப்போயிருந்தது.

"ஆரோ தொறந்திருக்காங்க" என்றார் மாமா.

வாப்பா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"நாந்தான். பஸ்ஸில கை தவறித் தொறந்துட்டன்" என்றார் வாப்பா.

உம்மா அந்தக் கறுப்புத் துண்டை வெயிலுக்கு நேரே பிடித்தார். "இதில என்ன?"

"முன்வாசல்."

"இது?"

"கெணத்தடி. ஒன்ட மாதுள காய்ச்சுக் குலுங்குது."

உம்மா சிரித்துக்கொண்டே அழுதார். கடைசிக் கட்டம்வரை கேட்டார், வாப்பாவும் கடைசிக் கட்டம்வரை சொன்னார்.

என்னைக் காப்பாற்றத்தான் வாப்பா பொய் சொன்னார் என்று பல வருடங்கள் நினைத்திருந்தேன். பெரியவளாகி, ஒரு சுவர்கூட மிஞ்சாமல் உடைமரம் மண்டிக் கிடந்த எங்கள் மன்னார் வளவில் நானே போய் நின்ற அன்றுதான், உம்மாவிடம் சொல்ல வாய் வராமல் அவர் எதைக் கமராவின் பொறுப்பில் விட்டிருந்தார் என்பது விளங்கியது. அடிக்குப் பயந்து நான் நிலத்தைப் பார்த்திருந்த நேரம், வாப்பா என்னை நன்றியோடு பார்த்திருக்கிறார்.