பெற்றார் எழுதிய சோதினை

"இந்தக் காலத்துக் கணக்கு சரியான கஷ்டம் ரீச்சர்" என்று ஒவ்வொரு பெற்றார் கூட்டத்திலும் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அதனால் இம்முறை நான் ஒன்றும் விளக்கவில்லை. ஏழாந்தர வகுப்பறையில் அவரவர் பிள்ளையின் இடத்திலேயே பெற்றாரை இருத்தி, ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். கரும்பலகையில் ஒரே ஒரு கேள்வி: ஓர் எண்ணை மூன்றால் பெருக்கி ஐந்தைக் கூட்டினால் இருபத்தாறு, அந்த எண் எது?

"எங்களுக்கோ சோதினை?" என்றார், மீன் லொறியை வாசலில் விட்டுவிட்டு வந்திருந்த கிண்ணியா ஊர்த் தகப்பன் ஒருவர்.

"ஓம். பத்து நிமிசம். கதைக்கக் கூடாது."

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பென்சில் இரவல் கேட்டார்கள். பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்தார்கள். துறைமுகத்தில் வேலை செய்யும் ஒருவர், தன் மகனைப் போலவே தாளைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு!

மூன்றாம் வரிசை வாங்கில் இருந்த ஒரு தாய் மட்டும் தாளைப் பார்க்காமல் யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். வெளியே அவருடைய மகள் ஒரு கையில் ஐந்து விரலும் மறு கையில் இரண்டு விரலுமாக உயர்த்திப் பிடித்திருந்தாள். வகுப்பில் எப்போது கேட்டாலும் "தெரியாது ரீச்சர்" என்று தலையைக் குனிகிறவள் அவள்.

விடை ஏழுதான்.

அந்தத் தாய் எழுதி முடிக்கும்வரை, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கரும்பலகை மூலையை நான் மெதுமெதுவாகத் துடைத்துக்கொண்டிருந்தேன்.