கல்யாணத்தை நிறுத்தப் பதினோரு கையெழுத்து

போன புதன்கிழமை ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். கோட்டைப் பக்கம், ரெஜிஸ்ட்ரார் ஆபீஸில். மேளம் இல்லை, பந்தல் இல்லை. வாழ்த்துத் தந்திகூட ஒன்றும் வரவில்லை. கல்யாணத்தை நிறுத்தச் சொல்லி ஒரு கடிதம் மட்டும் வந்திருந்தது.

ரெஜிஸ்ட்ரார் ஒரு மராட்டிக்காரர். பொறுமைசாலி. சட்டப்படி செல்லாது என்று அதை அப்போதே ஒதுக்கிவிட்டாராம். இருந்தாலும் பெண்ணுக்குத் தெரிந்திருக்கட்டும் என்று எடுத்துக் காட்டினார். கீழே பதினோரு கையெழுத்து. பதினொன்றும் எங்கள் மாதுங்கா கட்டிடத்துக் கையெழுத்து!

பெண்ணுக்கு வயதான தகப்பனார் இருக்கிறார்... கட்டிடத்தில் கல்யாணமாகாத பெண்கள் இருக்கிறார்கள்... குடும்ப கௌரவம் என்று ஒன்று இருக்கிறது... இவைதான் காரணங்கள். பெண்ணுக்கு வயது முப்பத்தாறு என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை.

அந்தப் பெண் கோமதி, மூன்றாவது மாடி. பதினேழு வருஷமாக ஒரு கம்பெனியில் ஸ்டெனோ. அவள் சம்பளத்தில்தான் இரண்டு தம்பிகள் என்ஜினீயர் ஆனார்கள். ஒருவன் டில்லியில், ஒருவன் சென்னையில். அப்பா மட்டும் அவளிடம்.

கையெழுத்துப் போட்டவர்கள் யார் என்று சொன்னால்தான் என் கோபம் உங்களுக்குப் புரியும்.

எங்கள் கட்டிடத்துப் பெண்களுக்கு ஒரு பைத்தியம் உண்டு — இங்கிலீஷ் காதல் நாவல். அதிலும் நெப்போலியன் காலத்து இங்கிலாந்துக் கதை என்றால் உயிர். குதிரை வண்டி, நடன விருந்து, எந்தப் பிரபுவுக்கு எவ்வளவு வருமானம் என்று விசிறிக்குப் பின்னால் கிசுகிசுக்கும் அத்தைகள். நடுவில் அப்பன் ஆத்தாள் இல்லாத ஓர் ஏழை டீச்சரம்மா. கடைசியில் பிரபு அவளைத்தான் கட்டிக்கொள்வார். ஊர் வாயடைத்து நிற்கும்.

முதல் மாடி அலமு மாமி லெண்டிங் லைப்ரரியில் மெம்பர். அவள் எடுத்துவரும் புத்தகம் கட்டிடம் முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் திரும்பும். மாமி அந்த அத்தைகளை வாய் நிறையத் திட்டுவாள். டீச்சரம்மாவுக்காகத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

கடிதத்தில் முதல் கையெழுத்து அலமு மாமியுடையது.

நான் மட்டும் என்ன யோக்கியம்? கோமதிக்கு நானே இரண்டு வரன் கொண்டுபோயிருக்கிறேன். ஒருவர் முலுண்ட்காரர், மனைவியை இழந்தவர், மூன்று குழந்தைகள். அவர் கேட்ட ஒரே கேள்வி — குழந்தைகளுக்குப் பெண் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பாளா? கோமதி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். 'இந்த வயசுல இதுக்கு மேல என்ன எதிர்பார்க்கறா?' என்று அலமு மாமியிடம் சொன்னவள் நான்தான். விசிறி ஒன்றுதான் கையில் இல்லை.

அப்புறம் சாமுவேல்.

தாராவியில் புத்தக பைண்டிங் கடை வைத்திருக்கிறார். திருநெல்வேலிப் பக்கம், மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர், கோமதியைவிட இரண்டு வயது இளையவர். சனிக்கிழமைதோறும் லைப்ரரிக்கு வந்து கிழிந்த புத்தகங்களைக் கட்டிக்கொண்டு போவார்.

ஒரு நாவலின் கடைசி ஐந்து பக்கத்தை யாரோ கிழித்துவிட்டார்கள். பைண்டிங் முடிந்து வந்தபோது, அந்த இடத்தில் ஐந்து பக்கம் அழகான கையெழுத்தில் இருந்தது. வேறு பிரதியைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்றுதான் கோமதி நினைத்தாள். சில மாதம் கழித்துப் புதுப் பிரதி ஒன்று வந்தது. புரட்டிப் பார்த்தால் முடிவே வேறு! அச்சிட்ட புத்தகத்தில் பிரபு கேட்டதும் கதாநாயகி அவர் தோளில் சாய்ந்துவிடுகிறாள். கையெழுத்துப் பக்கத்திலோ, 'யோசித்துச் சொல்கிறேன்' என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்து போகிறாள்.

அடுத்த சனிக்கிழமை கோமதி அவரிடமே போய்க் கேட்டாள். மனிதர் தலையைக் குனிந்துகொண்டாராம்.

"வேற காப்பி எங்கயும் கெடைக்கல. படிக்கவங்க பாதியில ஏமாந்துரக் கூடாதுல்லா... அதான் நானே எழுதிட்டேன். தப்புன்னா பிச்சிருதேன்."

"பிச்சுடாதேங்கோ" என்றாளாம் கோமதி.

அவ்வளவுதான். அப்புறம் ஒன்றரை வருஷம் சனிக்கிழமைகள். லைப்ரரி வாசலில் நின்று பேசுவது, ஸ்டேஷன் வரை நடப்பது. இதையெல்லாம் அவளே என்னிடம் சொன்னாள்.

"எனக்கு என்ன வேணும்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. அந்தப் பொண்ணுக்கு யோசிக்க அவகாசம் குடுக்கணும்னு ஒருத்தருக்குத் தோணியிருக்கு பாருங்கோ."

நான் கொண்டுபோன இரண்டு வரனும் அப்போது நினைவுக்கு வந்தன. எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அப்பாவிடம் சொன்னாள். பையன் யார், நல்லவனா, என்ன சம்பாதிக்கிறான் — ஒன்றும் கேட்கவில்லை அவர்.

"எனக்கு யார் சாதம் வடிப்பா?" என்றார்.

கோவண்டியில் பார்த்திருக்கும் வீட்டுக்கு நீங்களும் வந்துவிடுங்கள் என்றாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தம்பிகளிடமிருந்து கடுதாசி வந்தது, இனி தங்கள் வாசலை மிதிக்க வேண்டாமென்று. அப்பாவை நாங்கள் கூட்டிப்போகிறோம் என்று அதில் ஒரு வரி இல்லை. படிக்க வைத்தவள் வேண்டாம், படிப்பு மட்டும் வேண்டும்!

ரெஜிஸ்ட்ரார் ஆபீஸில் மூன்று சாட்சி தேவை. இரண்டு பேர் சாமுவேல் கடையில் வேலை செய்கிறவர்கள். மூன்றாவது நான். கோமதி கையெழுத்துப் போடும்போது ஒரு நிமிஷம் வாசலைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. போட்டாள்.

சாயங்காலம் மாடிப்படியில் அலமு மாமி என்னை மறித்தாள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சாட்சிக் கையெழுத்துப் போடலாமா என்று ஆரம்பித்தாள். நாவலில் அந்த டீச்சரம்மாவுக்காக அழுதீர்களே மாமி, அது எதற்கு என்று கேட்டேன்.

"அது கதைடி. அதுவும் வெள்ளைக்காரா கதை" என்றாள், குழந்தைக்குச் சொல்வதுபோல.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வேண்டுமென்று கெடுதல் செய்கிறவர்களைக்கூட மன்னித்துவிடலாம். கண்ணீரையெல்லாம் காகிதத்தில் இருப்பவளுக்குச் செலவழித்துவிட்டு, எதிர்வீட்டுக்காரிக்குச் சொட்டுக்கூட மிச்சம் வைக்காத இந்த ரசிகர்களை என்ன செய்வது?

கோமதி இப்போது ஆபீஸுக்குப் போவதற்கு முன்னால் தினமும் கோவண்டியிலிருந்து ரயில் பிடித்து இங்கே வருகிறாள். அப்பாவுக்குச் சாதம் வடித்து, குழம்பு வைத்து, மூடிவைத்துவிட்டுப் போகிறாள். அவள் படியேறும்போது கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்கின்றன. அப்பா அவளோடு பேசுவதில்லை. சாப்பிடுவது மட்டும் உண்டு. நேற்று குழம்பில் உப்புக் குறைச்சல் என்று ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தாராம். அதைச் சொல்லி அவள் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பதினோரு பேரும் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள் — இதையெல்லாம் எழுதுவதற்கு இப்போது நிறைய நேரம் கிடைக்கிறது.